பெஞ்சுக்கு ஒரு பிலிம்

சென்னை,
7 ஜூலை 1935

பிரியமுள்ள ஜெபகுமாரிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் அந்த வரியைத் தாண்டித்தான் நீ படிப்பாய். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். வந்து சேர்ந்துவிட்டேன். திருநெல்வேலி வரை பஸ்ஸில் குடல் குலுங்கியது. ரயிலில் பக்கத்து ஆள் என் தோளைத் தலையணை ஆக்கிக்கொண்டார். நீ கட்டிக்கொடுத்த அவித்த மரச்சீனிக் கிழங்கு மதுரை தாண்டுவதற்குள் தீர்ந்தது. பாதி அந்த ஆளுக்குள் போயிற்று.

எக்ஸ்ரே வகுப்பில் நாங்கள் பதினொரு பேர். ஆறு மாதப் படிப்பு. நம் பக்கத்து ஆள் ஒருவர் இருக்கிறார், பூதப்பாண்டி தாணப்பன், மூன்று பெண்களுக்குத் தகப்பன். "மிஷன் ஆஸ்பத்திரியில் மாத்திரை உருட்டிய கம்பவுண்டர் நான். டாக்டர் சுந்தரராஜ் மெஷின் வாங்கிய அன்று எக்ஸ்ரேக்காரன் ஆனேன்" என்று என்னைப் பற்றிச் சொன்னேன். எல்லோரும் மீசைக்குள் சிரித்தார்கள். ஆனால் நம் சுவரைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றது. கதிர் வெளியே போகாமல் தடுக்க ஈயத் தகடு அடிக்க வேண்டும், எங்களுக்கு ஈயம் கிடைக்கவில்லை, அதனால் ஈயம் மாதிரிக் கனக்கிற மணவாளக்குறிச்சிக் கறுப்பு மணலை வண்டியில் கொண்டுவந்து சுவரின் வெளிப்புறம் மூட்டை மூட்டையாக அடுக்கினேன் என்றேன். ஆசிரியரே "பலே" என்றார், தாணப்பன் கை தட்டினார். நோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்து அந்த மூட்டையில் சுகமாகச் சாய்ந்துகொள்வார்கள் என்பதையும் விடவில்லை. அன்று நீ மூக்கைச் சுளித்தாயே, ஞாபகமிருக்கிறதா?

ஒரு விஷயத்தில் மட்டும் நீ ஜெயித்தாய். காலையில் மெஷின் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க என் இடது கையைக் கதிரில் நீட்டுவேன் அல்லவா? அதைக் கேட்டதும் ஆசிரியர் என் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். நகத்தோரத்துச் சிவப்பைக் காட்டி, இன்னும் இரண்டு வருடம் இப்படிச் செய்தால் எண்ணுவதற்கு விரல் இருக்காது என்றார். இதையே நீ ஒரு வருடமாகச் சொன்னாய். நீ இங்கிலீஷில் சொல்லாததால் காதில் ஏறவில்லை.

இத்துடன் ஆறு பிலிம் அனுப்புகிறேன். பல்லைப் படமெடுக்கிற சின்ன பிலிம், கறுப்புக் காகிதம் சுற்றியது. காகிதத்தைப் பிரிக்காதே. அதன் மேல் ஒரு காகிதக் கிளிப்பைச் செருகி, எக்ஸ்ரே ரூமில் வேலை செய்கிறவர்கள் இரண்டு வாரம் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும். பிறகு கழுவிப் பார்க்க வேண்டும். தெளிவாக இருந்தால் ஆள் பத்திரம். பிலிம் கறுத்து, நடுவில் கிளிப்பின் உருவம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் அந்த ஆள் மேல் கதிர் பட்டிருக்கிறது. உனக்கு ஒன்று, என் உதவியாள் செல்வதாஸுக்கு ஒன்று. மீதி அடுத்த தடவைக்கு.

என் நோட்டுப்புத்தகம் தகரப் பெட்டியில் இருக்கிறது. எடுத்து அனுப்பு. பெட்டியின் அடியில் சிவப்புத் துணி முடிச்சு ஒன்று கிடக்கும். அதற்குள் இருக்கும் வெள்ளிக் காப்பு இரண்டையும் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. அந்தப் பிள்ளை நமக்குத் தங்கவில்லை. முடிச்சை அவிழ்க்காதே. நீ தனியாக உட்கார்ந்து அழுவதை என்னால் இங்கிருந்து தாங்க முடியாது.

உன்,
ராஜையன்


புன்னைவிளை மிஷன் ஆஸ்பத்திரி,
2 ஆகஸ்டு 1935

அன்புள்ள அத்தானுக்கு,

நோட்டுப்புத்தகத்தை அனுப்பிவிட்டேன். முடிச்சைக் கையில் எடுத்தேன், அவிழ்க்கவில்லை, அழவுமில்லை. இரண்டையும் நம்புங்கள்.

இனிமேல் எழுதுவது உங்களுக்குப் பிடிக்காது. பிடிக்காவிட்டாலும் முழுவதும் படியுங்கள்.

ஆறு பிலிமில் ஒன்றை நான் இடுப்பில் சேலைக்குள் செருகிக்கொண்டேன். இன்னொன்று செல்வதாஸ் அண்ணன் சட்டைப் பைக்குப் போயிற்று. மூன்றாவதை எடுத்து உள்ளே வைக்கப் போனபோதுதான் எனக்கு ஒரு கோபம் வந்தது. ரூமுக்குள் வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர். வெளியே அந்தப் பெஞ்சில் ஒரு நாளைக்கு முப்பது பேர் உட்காருகிறார்கள். பிரசவ வார்டுக்கும் அதே பெஞ்சுதான், ஆகவே அதில் பாதிப்பேர் வயிற்றுப் பிள்ளைக்காரிகள். சிலர் காலையில் வந்தால் சாயங்காலம்தான் எழுந்திருக்கிறார்கள். நமக்கு ஒரு பிலிம் கொடுக்கச் சொன்ன உங்கள் ஆசிரியர் அவர்களுக்கு ஏன் ஒன்று கொடுக்கச் சொல்லவில்லை? அவர்கள் மேல் கதிர் பட்டால் அது கதிர் இல்லையா? பெஞ்சுக்கும் ஒரு பிலிம் என்று முடிவு செய்து, மூன்றாவதை அவர்கள் முதுகு சாயும் மூட்டையில் ஊக்கால் குத்தி வைத்தேன்.

நேற்று மூன்றையும் கழுவினோம். என்னுடையது சுத்தமாக இருந்தது. அண்ணனுடையதும் அப்படித்தான், ஓரத்தில் ஒரு பொட்டுப் புகை. பெஞ்சில் இருந்தது கன்னங்கரேல். கிளிப் மட்டும் வெள்ளை வெளேரென்று நின்றது. அண்ணன் அதைச் சிவப்பு விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, மெஷினுக்குப் பக்கத்திலே நிக்கிற எனக்கு ஒண்ணுமில்லே. சொவருக்கு அந்தாண்ட இருக்க பெஞ்சுக்கு இம்புட்டா? இது என்ன கூத்தாக்கும்?"

நான் உடனே டாக்டர் ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். "சுவர் ஒழுகுகிறது போலிருக்கிறது. காரணம் தெரிகிற வரை ரூமைப் பூட்டு" என்றார். அக்டோபர் பதினைந்தாம் தேதி ஆஸ்பத்திரிக் கமிட்டி கூடுகிறது. அதற்குள் சரி செய்யாவிட்டால் மெஷினைத் திருப்பி அனுப்பிவிடுவதாக எழுதியே வைத்துவிட்டார்.

ரூம் பூட்டியாயிற்று. சாவி என் முந்தானையில் இருக்கிறது.

உங்கள்,
ஜெபகுமாரி


சென்னை,
9 ஆகஸ்டு 1935

நர்ஸ் ஜெபகுமாரி அவர்களுக்கு,

என் சுவர் ஒழுகுகிறதாம்! அந்த மூட்டைகளை நான் ஒவ்வொன்றாகச் சுமந்தேன். நான்கு நாள் முதுகு நிமிரவில்லை. நீதான் எண்ணெய் தேய்த்தாய்.

பெஞ்சில் பிலிம் வைக்கச் சொல்லி நான் எழுதினேனா? வைத்தாய், சரி. அது கறுத்தது என்றால் முதலில் எனக்கு அல்லவா எழுதியிருக்க வேண்டும்? வெயிலில் கிடந்து கெட்டிருக்கலாம். யாராவது காகிதத்தைப் பிரித்துப் பார்த்திருக்கலாம். அதையெல்லாம் கேட்காமல் நேராக டாக்டரிடம் ஓடினாய். இப்போது நான் இங்கே படித்து முடித்து ஊருக்கு வந்தால் மெஷின் இருக்காது. திரும்பவும் மாத்திரை உருட்ட வேண்டியதுதான். தாணப்பன் விசாரித்தபோது எல்லாம் சௌக்கியம் என்று பொய் சொன்னேன்.

இன்னொன்று. செல்வதாஸ் எனக்கு எழுதியிருக்கிறார். நான் ரயில் ஏறிய மறுநாளிலிருந்தே நீ எக்ஸ்ரே ரூமுக்குள் கால் வைப்பதில்லையாம். படமெடுப்பதெல்லாம் அவர்தானாம். உள்ளேயே போகாதவளுக்குப் பிலிம் எதற்கு? அதுவும் சட்டைப் பையை விட்டுவிட்டு இடுப்பில் எதற்கு? என் வேலை உனக்குப் பிடிக்காவிட்டால் நேரடியாகச் சொல்லியிருக்கலாம்.

ராஜையன்


புன்னைவிளை,
16 ஆகஸ்டு 1935

எக்ஸ்ரே நிபுணர் ராஜையன் அவர்களுக்கு,

பிலிம் வெயிலில் கிடக்கவில்லை. அந்தச் சுவர் தாழ்வாரத்துக்குள் இருக்கிறது. கட்டியவருக்கே மறந்துவிட்டது.

காகிதத்தை யாரும் பிரிக்கவில்லை. பிரித்திருந்தால் கிளிப்பின் உருவம் எப்படி அவ்வளவு சுத்தமாக விழும்? இதை நீங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள்.

உங்களுக்கு எழுதி, நீங்கள் யோசித்து, கோபப்பட்டு, கோபம் தணிந்து பதில் வர இரண்டு வாரம் ஆகும். அந்த இரண்டு வாரமும் முப்பது முப்பது பேர் அந்த மூட்டையில் சாய்ந்திருப்பார்கள். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நான் செய்தது சரி. உங்களுக்கு வலிக்கும் என்று தெரிந்தும் செய்தேன். வலித்ததற்கு வருத்தம் உண்டு, செய்ததற்கு இல்லை.

ரூமுக்குள் நான் போகாததற்கும் பிலிமை இடுப்பில் வைத்ததற்கும் காரணம் ஒன்றுதான். அது உங்கள் வேலை மேல் உள்ள வெறுப்பில்லை. சொல்லும் நேரம் வரும்போது சொல்வேன். அதுவரை கேட்காதீர்கள்.

சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? கோபத்தில் எழுதவில்லை. மெலிந்துபோய் வந்தால் ஊர் என்னைத்தான் கேட்கும்.

ஜெபகுமாரி


புன்னைவிளை,
9 செப்டம்பர் 1935

அன்புள்ள அத்தானுக்கு,

மூன்று வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் என்னைத் தூரத்தில் கண்டதுமே கையை விரித்துவிடுகிறார். உங்களுக்கு வீம்பு இருந்தால் இருக்கட்டும், எனக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது.

ரூமைப் பூட்டியதும் பெஞ்சு பத்திரமாகிவிட்டதா என்று பார்க்க, நான்காவது பிலிமை அதே மூட்டையில் குத்தி வைத்தேன். ஐந்தாவதைச் சுவருக்கு உள்பக்கம், மெஷினைப் பார்த்த மாதிரி ஆணியில் தொங்கவிடச் சொன்னேன். இருபத்தொரு நாள் ரூம் பூட்டிக் கிடந்தது. என் முந்தானையை விட்டுச் சாவி இறங்கவில்லை. மெஷின் ஒரு நொடி ஓடவில்லை.

போன திங்கட்கிழமை கழுவினோம். உள்ளே இருந்தது சுத்தம். பெஞ்சில் இருந்தது முன்னைவிடக் கறுப்பு!

செல்வதாஸ் அண்ணன் இருட்டறையிலிருந்து ஒரே பாய்ச்சலில் வெளியே வந்துவிட்டார். நான்கு பிள்ளைகளின் தகப்பன், பயந்த பயத்தைப் பார்க்க வேண்டுமே. "நான் இனி உள்ள வரல்லே தங்கச்சி. மெஷின் ஓடாம படம் விழுகுன்னா அது மனுசன் எடுக்க படம் இல்லே. பேயாக்கும்!" என்று நின்ற இடத்திலேயே ஜெபம் செய்தார். வார்டு ஆயா பூங்கனி அக்காள் அவரைப் பிடித்து உட்காரவைத்து, "பேய்க்கு வேற சோலி இல்லியா, பல்லுப் படம் எடுக்கவா வருகு?" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்கு விலா நொந்துவிட்டது. இந்த வருடம் நான் இப்படிச் சிரித்ததில்லை. நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று அப்புறம் வருத்தமாகிவிட்டது.

இன்னொரு சம்பவம். புதன்கிழமை முட்டத்திலிருந்து ஏசுஅடிமை என்ற மீன்காரர் கையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். உள்ளங்கைக்குள் தூண்டில் முள் முறிந்து கிடக்கிறது, எங்கே என்று தெரியவில்லை, கை பானையாக வீங்கியிருக்கிறது. டாக்டர் ஐயா என் முந்தானையைப் பார்த்தார். நான் யோசித்துச் சாவியைக் கொடுத்தேன். ஆனால் மூன்று காரியம் செய்த பிறகுதான். திங்கட்கிழமையே பெஞ்சைக் காலி செய்து எல்லோரையும் அயனி மரத்தடிக்கு மாற்றியிருந்தேன், இப்போது வாசலில் நின்றவர்களையும் அங்கே அனுப்பினேன். ஏசுஅடிமையின் மடியில், மெஷினோடு வந்த ஈய ஏப்ரன் என்ற அந்தக் கனத்த மேலங்கியைப் போடச் சொன்னேன். கடிகாரத்தைப் பார்த்து ஒரே ஒரு படம், தவறினால் இன்னொன்று கிடையாது என்று அண்ணனிடம் சொன்னேன். நான் வாசலுக்கு இந்தப்புறம்தான் நின்றேன். படம் நன்றாக விழுந்தது. பெருவிரலுக்குக் கீழே முள் அப்படியே தெரிந்தது. பத்து நிமிடத்தில் டாக்டர் ஐயா எடுத்துவிட்டார். "எம்மோ, இனி கடலுக்குப் போவேன்லா?" என்று அந்த மனிதர் அழுதார்.

உங்கள் மெஷின் நல்ல மெஷின், அத்தான். அதைத் திருப்பி அனுப்ப எனக்கும் மனமில்லை. ஆனால் மெஷின் ஓடாதபோது அந்தப் பெஞ்சுக்குக் கதிர் எங்கிருந்து வருகிறது? கமிட்டிக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு யோசியுங்கள்.

உங்கள்,
ஜெபகுமாரி


சென்னை,
15 செப்டம்பர் 1935

ஜெபகுமாரிக்கு,

எழுதாமல் இருந்தது வீம்புதான். ஒத்துக்கொள்கிறேன். மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் நானே சரி என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே சகிக்கவில்லை.

உன் நான்காவது பிலிமும் ஐந்தாவது பிலிமும் என்னைத் தூங்க விடவில்லை. மெஷினைப் பார்த்துத் தொங்கியது சுத்தம். மூட்டையில் ஒட்டி இருந்தது கறுப்பு. அப்படியானால் கதிர் சுவருக்கு உள்ளேயிருந்து வரவில்லை. பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். அதை நான் சுமந்துகொண்டு வந்தேன்.

நேற்று வாசகசாலையில் ஒரு புத்தகத்தில் நாலு வரி படித்தேன். படித்ததும் காது இரண்டும் சுட்டது. இப்போது எதுவும் நிச்சயமாகச் சொல்லமாட்டேன். ஒரு முறை நிச்சயமாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கியது போதும்.

ஒரு காரியம் செய். மூட்டையிலிருந்து இரண்டு பிடி மணலை ஒரு தகர டப்பாவில் அடைத்துத் தபாலில் அனுப்பு. நீ அள்ளாதே, செல்வதாஸை அள்ளச் சொல். ஆட்களை அந்தப் பெஞ்சுக்குத் திரும்ப விடாதே, மரத்தடியிலேயே இருக்கட்டும். நீ அதில் உட்காருவது உண்டா? இதற்கு மட்டும் உடனே பதில் எழுது.

உன்,
ராஜையன்


புன்னைவிளை,
21 செப்டம்பர் 1935

அன்புள்ள அத்தானுக்கு,

உட்கார்ந்ததில்லை. ஒரு நாளும் இல்லை. என் இடுப்பிலிருந்த பிலிம் சுத்தமாக இருந்ததை மறக்காதீர்கள், நான் அதைத் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

மணல் வருகிறது. தகர டப்பா கிடைக்காமல் செல்வதாஸ் அண்ணனின் மூக்குப்பொடி டப்பாவைப் பிடுங்கினோம். திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். தபால்காரர் கனத்தைப் பார்த்து, "என்ன, நகையா அனுப்புகிய?" என்றார். மண் என்றேன். நம்பவில்லை.

நீங்கள் "உன்" என்று கையெழுத்துப் போட்டிருப்பதை நான்கு தரம் பார்த்தேன்.

உங்கள்,
ஜெபகுமாரி


சென்னை,
29 செப்டம்பர் 1935

என் ஜெபகுமாரிக்கு,

இந்தக் கடிதத்தை முதலில் டாக்டர் ஐயாவிடம் காட்டு, பிறகு கமிட்டிக்கும் காட்டு. தலைகுனிந்து எழுதுகிறேன், ஆனால் இத்தனை சந்தோஷமாக நான் ஒருநாளும் தலைகுனிந்ததில்லை.

இங்கே எலக்ட்ராஸ்கோப் என்று ஒரு கருவி இருக்கிறது. கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு தங்க இலைகள் விரிந்து நிற்கும். கதிர் விடுகிற பொருள் எதையாவது பக்கத்தில் கொண்டுபோனால் இலைகள் தாழ்ந்துவிடும். புற்றுநோய்க்கு வைக்கிற ரேடியம் ஊசி காணாமல் போனால் இதை வைத்துத்தான் தேடுவார்கள். நான் டப்பாவைத் திறந்தேன். பொடி ஏறி ஆசிரியர் ஏழு தும்மல் தும்மினார். எட்டாவது தும்மலுக்கு வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். இலைகள் தாழ்ந்துகொண்டிருந்தன.

அந்தக் கறுப்பு மணலுக்குள் தோரியம் என்று ஒரு பொருள் கலந்திருக்கிறது. மெஷின் வேண்டாம், கரண்டு வேண்டாம், அதுபாட்டுக்கு இரவும் பகலும் கதிர் விட்டுக்கொண்டே இருக்கும். கதிரைத் தடுப்பதற்கென்று உலகத்தில் ஆயிரம் பொருள் இருக்க, கதிர் விடுகிற பொருளைத் தேடிப்பிடித்து வண்டி கட்டிக் கொண்டுவந்து நோயாளிகளின் முதுகுக்குப் பின்னால் அடுக்கிய ஒரே எக்ஸ்ரேக்காரன் உன் புருஷன்தான். பக்கத்துக் கடற்கரையில் அது கிடைத்ததால் வந்த வினை. வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இந்தப் புத்தி வந்திருக்க முடியாது.

பயப்படாதே. ஓரிரு மணி நேரம் சாய்ந்தவர்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற கதிர் இது என்று ஆசிரியர் சொன்னார். ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் வைக்கிற இடம் அதுவல்ல என்றும் சொன்னார். மெஷினில் குற்றமில்லை. நான் அடுக்கிய மூட்டையில்தான் குற்றம்.

அதோடு முடியவில்லை. "பெஞ்சில் பிலிம் வைத்தது யார்?" என்று கேட்டார். என் மனைவி என்றேன். "யார் சொல்லி வைத்தாள்?" என்றார். யாரும் சொல்லவில்லை, கோபம் வந்து வைத்தாள் என்றேன். அவர் வகுப்பை நிறுத்திவிட்டுக் கரும்பலகையில் எழுதினார்: "இன்று முதல் நோயாளிகள் காத்திருக்கும் இடத்திலும் பிலிம்." தாணப்பன் கை தட்டினார். போன தடவை என் சுவருக்குத் தட்டிய கைதான். இந்த முறை சத்தம் அதிகம்.

நான் உன்னைக் கடிந்து எழுதினேன். அந்தக் கடிதத்தை அடுப்பில் போடு. நீ என்னிடம் கேட்காமல் செய்ததால்தான் இது வெளியே வந்தது. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், அந்த மூட்டையில் இன்றைக்கும் யாராவது சாய்ந்திருப்பார்கள். என்னை மன்னித்துவிடு.

உன்,
ராஜையன்


புன்னைவிளை,
10 நவம்பர் 1935

என் அத்தானுக்கு,

பதிலுக்கு ஆறு வாரம் காக்க வைத்துவிட்டேன், ஏன் என்று கடைசியில் தெரியும். அந்தக் கடிதத்தை அடுப்பில் போடமாட்டேன். "நர்ஸ் ஜெபகுமாரி அவர்களுக்கு" என்று யார் எனக்கு மரியாதையாக எழுதப் போகிறார்கள்? பத்திரமாக வைத்திருக்கிறேன், நீங்கள் கிழவரானதும் வாசித்துக்காட்டுவேன்.

கமிட்டி முடிந்தது, மெஷின் நம்மிடமே இருக்கிறது! டாக்டர் ஐயா உங்கள் கடிதத்தை வாசித்தார். தும்மல் வரும் இடத்தில் கமிட்டித் தலைவரே சிரித்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை: விதிகளை எழுதி வாசலில் தொங்கவிட்ட பிறகுதான் ரூம் திறக்க வேண்டும். எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

எழுதியிருக்கிறேன். டாக்டர் கைப்பட எழுதிய சீட்டில்லாமல் படம் கிடையாது, எலும்பைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று வருகிறவர்களுக்குக் கதவு திறக்காது. ஒருவரை எடுக்கும்போது உள்ளே அந்த ஒருவர்தான் இருக்க வேண்டும். பிள்ளைத்தாய்ச்சியா என்று பெண்களிடம் நர்ஸ் தனியாகக் கேட்க வேண்டும், ஆண்கள் கேட்கக் கூடாது, கேட்டால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். கடிகாரம் பார்க்காமல் மெஷினைத் தொடக் கூடாது. யாரும், எக்ஸ்ரேக்காரர் உட்பட, சொந்தக் கையை நீட்டிச் சோதிக்கக் கூடாது. அந்த வரியை எழுதும்போது உங்களை நினைத்துக் கொஞ்சம் பெரிய எழுத்தாகப் போட்டேன். கடைசி விதி, மாதத்துக்கு ஒரு பிலிம் பெஞ்சுக்கு.

மணல் வந்த வழியே போயிற்று. செல்வதாஸ் அண்ணன் வண்டிக்கு முன்னால் நடந்து, "வழி விடுங்கடே, பேய் ஊருக்குப் போகுது!" என்று கத்திக்கொண்டே மணவாளக்குறிச்சி வரை போனார். அந்தச் சுவருக்கு இப்போது என்ன செய்தோம் தெரியுமா? ஏசுஅடிமை கை ஆறி, கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டார். ஈயம் இல்லாமல் ரூம் திறக்கவில்லை என்று கேள்விப்பட்டு, முட்டத்தில் வீடு வீடாக ஏறி, வலையில் கட்டுகிற பழைய ஈயக் குண்டுகளை ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து இறக்கினார். "எனக்க கையி இருக்குல்லா, அது போதும். இத வச்சுக்கிடுங்க" என்றார். உருக்கித் தகடாக அடித்துச் சுவரில் அறைந்தாயிற்று. முக்கால் சுவருக்கு வந்தது. மீதிக்கு நீங்கள் அங்கிருந்து தகடு கொண்டுவாருங்கள். இந்தத் தடவை ஈயம்தானா என்று இரண்டு பேரிடம் கேட்டு வாங்குங்கள்.

திறந்த அன்று பூட்டில் சாவியைப் போட்டது நான். ஆனால் வாசலோடு நின்றுகொண்டேன்.

கையில் ஒரு பிலிம் மீதி இருந்தது, ஆறாவது. மணலை வண்டியில் ஏற்றும் முன் செல்வதாஸ் அண்ணனிடம் சொல்லி, ஒரு சட்டி மணலை மட்டும் தோட்டத்துக் கடைசியில், ஆள் போகாத மூலையில் வைக்கச் சொன்னேன். அதன் மேல் ஒரு பொருளை வைத்து, பொருளின் மேல் பிலிமை வைத்து மூடி, நான்கு வாரம் விட்டோம். பிறகு அந்தச் சட்டியும் கடற்கரைக்குப் போய்விட்டது. உங்கள் மணல் எடுத்த கடைசிப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கேட்க வேண்டாம் என்று நான் சொன்ன இரண்டு கேள்விக்கும் அதில்தான் பதில்.

வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்.

உங்கள்,
ஜெபகுமாரி


சென்னை,
16 நவம்பர் 1935

என் ஜெபகுமாரிக்கு,

உன் கடிதம் வகுப்பு நேரத்தில் வந்தது. நான் படிக்கப் பொறுக்காமல் முதலில் பிலிமைத்தான் எடுத்தேன். மணல் எடுத்த படம் என்று எல்லோரையும் கூப்பிட்டு, ஜன்னலில் தூக்கிக் காட்டி, பிரசங்கம் செய்யத் தொடங்கினேன். கறுப்பு நடுவே வெள்ளையாக ஒரு சின்ன வளையம். ஒரு பக்கம் சிறு இடைவெளி, அதன் இரு முனையிலும் ஒவ்வொரு குமிழ். மெஷினில் கழன்ற ஏதோ வளையத்தை என் மனைவி வைத்துப் படமெடுத்திருக்கிறாள், ஓரம் எவ்வளவு கூர்மை பாருங்கள் என்று விளக்கிக்கொண்டே போனேன்.

தாணப்பன் என் கையிலிருந்து அதை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஓய் ராஜையா, மூணு பிள்ளைக்குப் போட்டவன் சொல்லுகேன். இது மெஷின் வளையம் இல்லவே. பிள்ளைக் காப்பாக்கும்."

அந்தக் குமிழ்களை நான்தான் பார்த்துப் பார்த்து வாங்கினேன். எனக்குத் தெரியாமல் போயிற்று பார்த்தாயா! பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஆசிரியர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். விஷயம் தெரிந்ததும் அவரும் சிரித்தார், அன்று அதற்கு மேல் பாடம் நடக்கவில்லை.

நான் ரயில் ஏறிய மறுநாளிலிருந்து நீ ஏன் ரூமுக்குள் போகவில்லை, பிலிம் ஏன் இடுப்புக்குப் போயிற்று, பெஞ்சைப் பார்த்து உனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது, எல்லாம் இப்போது தெரிகிறது. போன தடவை மாதிரி ஆகிவிடுமோ என்று நீ தனியாக இத்தனை மாதம் பயந்துகொண்டிருந்தாய். நான் இங்கே உட்கார்ந்து சுவருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அந்த முதல் பிலிம் சுத்தமாக இருந்ததற்காக இன்றைக்கு முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொன்னேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

எத்தனை மாதம் என்று எழுது. நடக்கிறாயா, சாப்பிடுகிறாயா, அம்மா வந்து உன்னோடு இருக்கிறார்களா, எல்லாம் எழுது. பூங்கனி அக்காளுக்கு முதலிலேயே தெரியும் என்று நினைக்கிறேன். அவளை வந்து கவனித்துக்கொள்கிறேன்.

ஈயத் தகடு வாங்கிவிட்டேன். இரண்டு பேரிடம் அல்ல, மூன்று பேரிடம் கேட்டேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பஸ்ஸில் வந்து இறங்குவேன்.

படத்தில் ஒரு காப்புதான் இருக்கிறது. மற்றதையும் முடிச்சிலிருந்து எடு. இரண்டையும் புளி போட்டுத் துலக்கி வை.

உன்,
ராஜையன்